மீள்வதற்கான மூச்சு: அமுக்கத்தளர்வுச் சுழியோடலில் வாயுக்கணக்கு

மன்னார்க் கடலில் முத்துக்குளித்த சுழியோடி தன்னோடு கடலடிக்கு எடுத்துச் சென்ற வளி, அவனது நுரையீரலுள் அடங்கிய அளவே ஆகும். அது போதாதென உடல் உணர்த்தியதும் அவன் கயிற்றை அசைப்பான். படகிலுள்ளோர் அவனை இழுத்தெடுப்பர். அவன் கீழே தங்கக்கூடிய காலம் மிகச் சிறிது. ஆயினும் மேலே வருவதற்கு அவனுக்குத் தடையெதுவும் இருந்ததில்லை. 1943ஆம் ஆண்டில் ஜாக் கூஸ்தோ, எமில் கன்யான் ஆகிய பிரெஞ்சுக்காரர் இருவரும், சிலிண்டரில் அடைத்த வளியைச் சூழவுள்ள நீரின் அமுக்கத்துக்கு இயையச் சுவாசத்துக்கு வழங்கும் சீராக்கியை உருவாக்கியபின் இந்நிலை தலைகீழாயிற்று. இன்றைய சுழியோடி 40 மீற்றர் ஆழத்தில் அரைமணி நேரம் தங்கவும் வல்லவன். ஆனால் அவ்வாறு தங்கியவன் நினைத்தவுடன் மேலே வர வல்லவனல்லன்.

இம்முரண்பாட்டிலிருந்தே வாயுக்கணக்கு என்னும் துறை பிறக்கின்றது. அமுக்கத்தளர்வுத் தரிப்புகளோடு கூடிய சுழியோடலைப் புதிதாகப் பயில்வோர், 'இவ்விறக்கத்துக்கு எனக்கு எவ்வளவு வளி வேண்டும்?' என்றே முதலிற் கேட்கின்றனர். அது பிழையான வினாவன்று. எனினும் முதல் வினாவும் அன்று. மிகத் தீய கணத்தில் பழுது நேர்ந்தால், ஒரே வாயுவைப் பகிர்ந்து இருவர் மேலே வந்துசேர எவ்வளவு வேண்டும் என்பதே முதல் வினா. அவ்வளவை ஒதுக்கியபின் எஞ்சுவதே கடலடியிற் செலவிடத்தக்கது. இவ்வரிசை மாறும்போது கணக்கு எவ்வாறு ஏமாற்றுகின்றது என்பதை எண்களைக் கொண்டு காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது சுழியோடும் பயிற்சிக்கு ஈடாகாது. ஈண்டுத் தரப்படும் தரிப்புக் காலங்களும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவையேயன்றிக் கடலிற் பின்பற்றத்தக்கவையல்ல.

கணக்கின் அடிப்படை 1662இல் வெளியான போயிலின் விதியேயாகும். கடல்மட்டத்தில் நம்மீது ஏறத்தாழ 1 பார் அமுக்கம் உள்ளது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றருக்கும் மேலும் ஒரு பார் சேர்கின்றது. எனவே 10 மீற்றரில் 2 பாரும், 40 மீற்றரில் 5 பாரும் அமையும். நுரையீரல் எங்கும் ஒரே கனவளவையே நிரப்புகின்றது. ஆனால் 40 மீற்றரில் அக்கனவளவினுள் அடங்கும் வளி மேற்பரப்பில் அடங்குவதின் ஐந்து மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 இலீற்றர் சுவாசிப்பவர் அங்கு நிமிடத்துக்கு 100 இலீற்றரைச் செலவிடுவார். வளியின் அடர்த்தியும் ஐந்து மடங்காவதால் அதை உள்ளிழுத்து வெளிவிடுதலே உழைப்பாகின்றது. உழைப்பு மிகும்போது காபனீரொட்சைட்டு உடலிற் சேர்கின்றது, அது சேரச் சுவாசம் விரைவுபடும், அச்சமும் உடன்சேரும். ஆகவே மேற்பரப்பில் அமைதியாக அளந்த 20 இலீற்றர், இடர்வேளையில் 20 ஆகவே இருக்குமென நம்புவதற்கு இடமில்லை.

ஐந்து மடங்கு வளியோடு ஐந்து மடங்கு நைதரசனும் குருதியிற் கலந்து இழையங்களிற் கரைகின்றது. அமுக்கம் விரைந்து குறையின், மூடி திறந்த சோடாப் போத்தலில் நிகழ்வதுபோல அது குமிழிகளாக வெளிப்படும். மூட்டுகளில் நோவு தோன்றுவதும், முண்ணாண் தாக்கப்பட்டுக் கால்கள் செயலிழப்பதும், சிலவேளை உயிரிழப்பு நேர்வதும் இதனாலேயே. நோய்க்குக் காரணம் நைதரசனே என்பதை 1878இல் பிரெஞ்சு உடற்றொழிலியலாளர் போல் பேர்ட் விரிவாக நிறுவினார். நோயைத் தவிர்க்கும் வழியை 1908இல் ஸ்கொட்லாந்தவரான ஜோன் ஸ்கொற் ஹோல்டேன் தம் தோழர் இருவருடன் வெளியிட்டார். வெள்ளாடுகளை அமுக்க அறையிலிட்டுச் சோதித்த அவர், 2 பாரிலிருந்து 1 பாருக்கு வருவது தீங்கற்றதாயின் 4 பாரிலிருந்து 2 பாருக்கு வருவதும் அவ்வாறே எனக் கொண்டு, படிப்படியாகத் தரித்துத் தரித்து ஏறும் முறையை வகுத்தார். அவரது விகிதங்கள் பின்னர்த் திருத்தப்பட்டன. சூரிச்சைச் சேர்ந்த ஆல்பேட் பியூல்மன் 1983இல் நூலாக வெளியிட்ட கணிப்புமுறையே, சிற்சில மாற்றங்களுடன், இன்று சுழியோடிகள் மணிக்கட்டிற் கட்டும் கணினிகள் பலவற்றில் இயங்குகின்றது. எனினும் தரித்து ஏறுதல் என்னும் எண்ணம் ஹோல்டேனுடையதே.

தரிப்பு கட்டாயமாகும்போது சுழியோடிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூரை அமைந்துவிடுகின்றது. நீர் தெளிவாக இருக்கலாம்; படகின் அடிப்புறங்கூடக் கண்ணுக்குத் தெரியலாம். ஆயினும் குகையினுள் இருப்பவனுக்கும் அவனுக்கும் வேறுபாடில்லை. 6 மீற்றர்த் தரிப்பில் வாயு தீர்ந்தவன் முன்னே இரு வழிகளே உண்டு: ஒன்று மூழ்கி இறத்தல், மற்றது தரிப்பை விட்டு ஏறிக் குமிழிநோய்க்கு ஆளாதல். இரண்டாவதையே எவரும் தெரிவர் என்பது உண்மை. அத்தெரிவு தமக்கு நேராதவாறு கணக்கிடுவதே திட்டமிடலாகும்.

கணக்கைத் தொடங்குமுன் ஒருவர் தமது நுகர்வை அறிந்திருத்தல் வேண்டும். நூலிலுள்ள எண்ணை எடுத்தாளுதல் தகாது. 12 இலீற்றர்ச் சிலிண்டருடன் 10 மீற்றர் ஆழத்தில் 10 நிமிடம் சீராக நீந்தியபோது அமுக்கமானி 35 பார் இறங்கியது எனக் கொள்வோம். செலவு 12 × 35 = 420 இலீற்றர்; நிமிடத்துக்கு 42; அங்குள்ள அமுக்கம் 2 பார் ஆதலின் மேற்பரப்பு நுகர்வு 21 இலீற்றர். இவ்வளவீட்டை வெவ்வேறு நாள்களில், நீரோட்டத்தை எதிர்த்து நீந்தியும் ஓய்வாக மிதந்தும் பலமுறை செய்தல் நன்று. ஒரே மனிதரிடத்து இவ்விரு நிலைகளும் தரும் எண்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே பலருக்கும் முதற்பாடமாக அமைகின்றது.

இனி எடுத்துக்காட்டுக்கு வருவோம். இருவர் 40 மீற்றர் ஆழத்துக்குச் செல்கின்றனர். ஒவ்வொருவரும் 12 இலீற்றர்ச் சிலிண்டர்கள் இரண்டை இணைத்து முதுகிற் சுமக்கின்றனர். அமுக்கம் 200 பார். ஆகவே ஒருவரிடம் உள்ளது 24 × 200 = 4800 இலீற்றர் வளி. இறங்கும் நேரம் உட்பட 25 நிமிடம் கீழே தங்க எண்ணுகின்றனர். அதற்குரிய தரிப்புகள் 9 மீற்றரில் 2 நிமிடம், 6 மீற்றரில் 4 நிமிடம், 3 மீற்றரில் 10 நிமிடம் எனக் கொள்வோம். நுகர்வு நிமிடத்துக்கு 20 இலீற்றர்.

இறங்குவதற்கு 2 நிமிடம்; சராசரி அமுக்கம் 3 பார்; செலவு 120 இலீற்றர். கடலடியில் 23 நிமிடம், 5 பார், செலவு 2300. அங்கிருந்து நிமிடத்துக்கு 9 மீற்றர் வீதம் முதற்றரிப்புக்கு ஏற ஏறத்தாழ 4 நிமிடம், சராசரி 3.5 பார், செலவு 280. தரிப்புகள் மூன்றுக்கும் முறையே 76, 128, 260, ஆக 464 இலீற்றர். தரிப்புகளுக்கிடையே நகரும் சிறு செலவையும் சேர்த்தால் மொத்தம் 3200 இலீற்றர். கொண்டுசென்றது 4800. மூன்றிலொரு பங்கு மிச்சம்! இத்தாளைக் காட்டும் மாணவர் மகிழ்ச்சியுடனேயே காட்டுவார்.

இனி இதே இறக்கத்தை மறுமுனையிலிருந்து நோக்குவோம். 25ஆம் நிமிட முடிவில், ஏறத் தொடங்கும் தறுவாயில், துணைச் சுழியோடியின் வாயு முழுவதும் இழக்கப்படுகின்றது. அதைவிடத் தீய கணம் வேறில்லை. ஆழமும் உச்சம், உடலிற் கரைந்த நைதரசனும் உச்சம், கையிலுள்ள வளியோ அவ்வாழத்திற் காணத்தக்க மிகக் குறைந்த அளவு. அச்சத்தால் ஒவ்வொருவரின் நுகர்வும் 30 ஆக உயர்வதாகக் கொள்ளின், ஒரே வாயுவிலிருந்து நிமிடத்துக்கு 60 இலீற்றர் செல்லும். மாற்றுச் சீராக்கியைக் கொடுத்து, வாங்கி, நிலைப்பட்டு ஏறத் தொடங்க 2 நிமிடம் ஒதுக்குதல் மிகையன்று: 2 × 5 × 60 = 600 இலீற்றர். முதற்றரிப்புக்கு ஏற 4 × 3.5 × 60 = 840. தரிப்புகளுக்கு 1392. மொத்தம் 2832 இலீற்றர். 24 இலீற்றர்க் கொள்ளளவுக்கு அது 118 பார்.

அந்நேரத்தில் மற்றவரிடம் இருப்பதோ, 4800இல் 2420 போக, 2380 இலீற்றர். அதாவது 99 பார். குறைவு 452 இலீற்றர். அக்குறைவு 40 மீற்றரில் எவருக்கும் புலப்படாது. ஏறும்போதும் புலப்படாது. இறுதியாக, 3 மீற்றர்த் தரிப்பில், 10 நிமிடத்தில் ஏறத்தாழ 6 நிமிடம் எஞ்சியிருக்கையில் இருவருக்கும் ஒருங்கே வாயு தீரும். மூன்றிலொரு பங்கு மிச்சம் என்று காட்டிய திட்டமே இரண்டு நோயாளிகளைப் படகேற்றுகின்றது. கூட்டலிலோ பெருக்கலிலோ பிழையில்லை. வினாவே மாறிப் போயிற்று.

ஆகவே 2832 இலீற்றரை முதலில் எடுத்து ஒதுக்குதல் வேண்டும். இதனை மீட்புக் கையிருப்பு எனலாம். எஞ்சுவது 1968, இறங்கும் செலவு போக 1848, நிமிடத்துக்கு 100 வீதம் பதினெட்டரை நிமிடம். இறங்கும் நேரத்தைச் சேர்த்தால் கீழே தங்கத்தக்க காலம் 20 நிமிடமேயன்றி 25 அன்று. காலம் சுருங்கவே தரிப்புகளும் சுருங்கும், கையிருப்பும் குறையும், மீண்டுங் கணக்கிட்டால் மேலும் ஓரிரு நிமிடம் கிடைக்கக்கூடும். அதைப் பிடித்துக்கொள்ள முந்துவதிலும் பார்க்க விட்டுவிடுதலே புதியவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. கணக்கில் வாராதன கடலில் மிகப் பல.

'மூன்றிலொரு பங்கு விதி' என ஒன்று உண்டென்றும், அதனைப் பின்பற்றின் இவ்வளவு கணக்குத் தேவையில்லை என்றும் சிலர் கூறுவர். அவ்விதி அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக் குகைச் சுழியோடிகளிடையே வேரூன்றியது. ஷெக் எக்ஸ்லி 1979இல் வெளியிட்ட நூல் அதனைப் பரப்பியது. உட்செல்ல ஒரு பங்கு, வெளிவர ஒரு பங்கு, துணைவரின் இடருக்கு ஒரு பங்கு என்பது அதன் பொருள். சென்ற வழியே அதே ஆழத்தில் திரும்பும் குகைக்கு அது பொருத்தமானது. திறந்த கடலில் ஆழத்தினின்று நேரே ஏறுபவருக்கு வேண்டிய அளவு, ஆழத்தையும் தரிப்பையும் சிலிண்டரின் கொள்ளளவையும் பொறுத்தது. மேற்காட்டிய எடுத்துக்காட்டில் மூன்றிலிரு பங்காகிய 133 பாரில் திரும்புபவர் தப்புவார். சிலிண்டர் சிறிதாயின் அதே 133 பார் அவரைக் காவாது. அமுக்கமானி காட்டுவது அமுக்கத்தையே, அளவையன்று. 60 பார் என்பது 24 இலீற்றர்க் கொள்ளளவில் 1440 இலீற்றர், 12 இலீற்றரில் 720 மட்டுமே.

அமுக்கமானி பற்றி இன்னுமொன்று கூறுதல் வேண்டும். நமது கடற்கரைப் படகுகளில் வெயிலிற் கிடக்கும் சிலிண்டர் 40 பாகை செல்சியசை எளிதில் எட்டும். நீரின் வெப்பநிலை 28 பாகையாயின், 200 பார் காட்டிய மானி இறங்கியதும் 192ஐக் காட்டும். வளி எங்கும் போகவில்லை. முன்னர்க் காட்டியதே மிகை. 24 இலீற்றருக்கு இவ்வேறுபாடு ஏறத்தாழ 190 இலீற்றர். ஆழத்தில் ஒருவரின் இரண்டு நிமிடச் சுவாசம். நிழலில் ஆறவைத்து அளந்த எண்ணையே தாளில் எழுதல் வேண்டும். அன்றியும் 300 பார் அமுக்கத்தில் வளி போயிலின் விதியினின்று விலகுவதால், எளிய பெருக்கல் உள்ளதை விடப் பத்திலொரு பங்கு கூடுதலாகக் காட்டும்.

கையிருப்பின் பெரும்பகுதி தரிப்புகளுக்கே செல்வதைக் கண்டோம். அச்சுமையைக் குறைக்கவே, ஒட்சிசன் செறிந்த வாயுவை வேறொரு சிலிண்டரில் எடுத்துச் செல்கின்றனர். நூற்றுக்கு 50 பங்கு ஒட்சிசன் கொண்ட நைற்றொக்ஸ் வாயுவை 21 மீற்றரிலிருந்து சுவாசிக்கலாம். நைதரசன் குறைவாதலின் இழையங்களிலிருந்து அது விரைந்து வெளியேறும். முதுகிலுள்ள வளி இப்போது இருவரையும் 21 மீற்றர்வரை கொண்டுவந்தாற் போதும்: கீழே 600, அங்கிருந்து 21க்கு ஏற 3 நிமிடத்துக்கு 740, ஆக 1340 இலீற்றர். 118 பார் வேண்டிய இடத்தில் 56 பார் போதுமாகின்றது. 7 இலீற்றர்ச் சிலிண்டரில் 200 பாராக ஒவ்வொருவரும் 1400 இலீற்றர் நைற்றொக்ஸ் வைத்திருப்பின், அவற்றுள் ஒன்று பழுதுற்றாலும், அமைதியான நுகர்வில், மற்றதைப் பகிர்ந்து இருவரும் முடித்துவர இயலும். அதற்கு வேண்டுவது 1100 இலீற்றர் அளவே.

ஆயினும் இவ்வசதி புதியதோர் இடரைக் கொணர்கின்றது. ஒட்சிசனின் பகுதியமுக்கம் 1.6 பாரைத் தாண்டலாகாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட மேலெல்லை. 50 பங்கு ஒட்சிசனை மறந்து 40 மீற்றரிற் சுவாசிப்பவருக்கு அது 2.5 பாராகும், முன்னறிகுறியின்றியே வலிப்பு வரலாம், நீரினுள் வலிப்பு என்பது பெரும்பாலும் மூழ்குதலே. எனவே சிலிண்டரின்மீது அதனைச் சுவாசிக்கத்தக்க மிகக் கூடிய ஆழத்தைப் பெரிய இலக்கத்தில் எழுதுவதும், சீராக்கியை மாற்றும்போது அவ்வெண்ணைத் துணைவர் பார்த்து உறுதிசெய்வதும் வழக்கமாயின. மேலும், அச்சிலிண்டரையே இழந்துவிட்டால் முதுகிலுள்ள வளியைக் கொண்டே நீண்ட தரிப்பை முடிக்க முடியுமா என்ற கணக்கும் தாளில் இருத்தல் வேண்டும்.

நமது கடலில் இக்கணக்கை வற்புறுத்தும் இடமொன்று மட்டக்களப்புக்கு அப்பால் உள்ளது. விமானந்தாங்கிக் கப்பலாகவே முதன்முதலில் வடிவமைக்கப்பட்ட 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானியக் கப்பல், 1942 ஏப்ரல் 9இல் யப்பானிய விமானங்களால் தாக்குண்டு அங்கு மூழ்கியது. அது கிடக்கும் ஆழம் ஏறத்தாழ 53 மீற்றர். அங்கே அமுக்கம் 6.3 பார். இருவர் ஒரு வாயுவைப் பகிரும் இடர்வேளையில் நிமிடத்துக்கு 378 இலீற்றர் செல்லும். ஒற்றை 12 இலீற்றர்ச் சிலிண்டரில் 50 பாரை மிச்சம் வைத்தேன் என்பவரிடம் 600 இலீற்றர் உண்டு; அது இருவருக்கும் இரண்டு நிமிடங்கூடப் போதாது. வளியின் அடர்த்தியும் நைதரசனின் மயக்கமும் அவ்வாழத்தில் அறிவை மந்தமாக்குவதால், பயின்றோர் ஈலியம் கலந்த வாயுவை நாடுகின்றனர். புதியவர் அக்கப்பலை நோக்கமாகக் கொள்ளலாம், தொடக்கமாகக் கொள்ளலாகாது.

சுற்றுலாவுக்காகச் சுழியோடுவோர் இவ்வாறு தாளும் கணினியும் கொண்டு இறங்க, நம் வடக்குக் கிழக்குக் கரைகளில் கடலட்டையும் சங்கும் எடுக்கச் சுழியோடுவோர் ஒரே நாளிற் பல சிலிண்டர்களைத் தீர்க்கின்றனர். இவர்களுட் குமிழிநோயால் முடங்கினோர் உளர். அதன் காரணத்தையும் மேற்கண்ட கணக்கே விளக்கும். 12 இலீற்றர்ச் சிலிண்டரில் 2400 இலீற்றர் வளி உண்டு. 10 மீற்றரில் அது ஒரு மணிநேரத்தில் தீரும். அவ்வாழத்தில் தரிப்பின்றித் தங்கத்தக்க காலம் அதனினும் மிக நீண்டதாகையால், நாளின் முதலிறக்கத்தில் சிலிண்டர் தீருதலே மனிதரைக் காக்கின்றது. கரையருகே வளம் குன்றி 30 மீற்றருக்குச் செல்ல நேரும்போது அதே சிலிண்டர் அரைமணி நேரம் வரும். தரிப்பின்றி அங்கே தங்கத்தக்க காலமோ ஏறத்தாழ 20 நிமிடமே. தீரும்வரை தொழில் செய்து எழுபவருக்குத் தரிப்பு உண்டு. தரிப்பதற்கு வளி இல்லை. அடுத்த சிலிண்டருடன் மீண்டும் இறங்குபவர் முன்னர்க் கரைந்த நைதரசனோடேயே இறங்குகின்றார். 20 நிமிடம் என்பது அவருக்கு இன்னும் சுருங்கிவிடும், ஆனால் சிலிண்டரோ முன்போலவே அரைமணி நேரம் வரும்.